பாலையடியில் பஸ் நிற்கும்

அன்ரி என்னிடம் முதன்முதலாகப் பேசிய வாக்கியம், "பிள்ளை, உன்ரை பையின்ரை வாரைக் கொஞ்சம் கட்டையாக்கினால் தோள் நோகாது" என்பதுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கொழும்பில் அந்த நாட்களில் முன்பின் தெரியாத இரண்டு தமிழர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு பொலிஸ் பதிவு எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள். அன்ரி வாரைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் வாரைக் கட்டையாக்கினேன். தோள் நோகவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

சண்டைக் காலம். நான் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. வேலை மன்னாரில், ஒரு அரசாங்கக் கந்தோரில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து திரும்புவேன். விடியப்புறம் கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி, வழியில் மறிக்கிற இடமெல்லாம் இறங்கி ஏறி, வெயில் சாயும் நேரம் மன்னாரைப் பிடிக்கிற ஒரு தனியார் பஸ் இருந்தது. முதலாளி அதற்குக் 'கடற்குயில்' என்று பெயர் வைத்திருந்தார். கடலில் குயில் இருக்கிறதா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்ரி கேட்டார்.

அன்ரி கோட்டையில் ஒரு விளம்பரக் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சவர்க்காரம், பற்பசை, மாப்பால் என்று எல்லாச் சாமான்களுக்கும் அங்கே பெரிய மனிதர்கள் யோசித்ததை இவர் தட்டச்சில் அடித்துக் கொடுத்திருக்கிறார். அடித்து அடித்து, யோசித்ததே தான்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது. பருத்திச் சேலையும் அதற்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் போட்டிருப்பார். சோதனைக்கு இறங்கி நடக்கச் செருப்பு சரிவராதாம்.

"சவர்க்காரம் நுரைக்கிறதுக்கு முதல் பேர் நுரைக்க வேணும்" என்பார். "உம்மடை கடற்குயிலிலை நுரை இல்லை."

"அன்ரி, இது பஸ். ஆரும் இதப் போட்டுக் குளிக்கிறதில்ல" என்றார் முதலாளி. கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். விடியற்காலையில் பயணப் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பெயரைப் பற்றிக் கதைக்க அவருக்கு விருப்பமில்லை.

"ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட் சொல்லட்டோ?"

இதுதான் அவருடைய வாய்ப்பாடு. அந்தச் 'சின்ன' வந்தால் கேட்கிறவர் மெல்ல நழுவப் பார்ப்பார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டில் அறை எடுத்து இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒருமுறை நான் அங்கே போனபோது வீட்டுக்கார அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "உங்கட அன்ரி வந்த நாளிலயிருந்து இந்த வீட்டில ஒரு சாமானும் வச்ச இடத்தில இல்ல" என்று குறைப்பட்டார். அரிசி வாளி யன்னலடிக்குப் போயிருந்தது. உடுப்புக் கொடி மொட்டை மாடியில் வேறு திசையில் ஓடியது. ஆனால் உடுப்புகள் சீக்கிரம் காய்கின்றன என்பதையும் அம்மா ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டுச் செத்த வீட்டில், பிணத்துக்கு மேலே திருப்பியிருந்த மின்விசிறியை உட்கார்ந்திருந்த சனத்தின் பக்கம் திருப்பச் சொன்னாராம். "அவருக்கு இனி வேர்க்காது" என்று செத்தவரின் பெண்சாதியிடமே சொல்லியிருக்கிறார். அந்த மனுசி அழுகையை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் திருப்பினாராம்.

ஒரு விடியற்காலை பொலிஸ் வந்து வீடு வீடாக ஆட்களை எழுப்பிப் பதிவு பார்த்தது. எல்லோரும் நடுங்கிக்கொண்டு அடையாள அட்டையைத் தேடுகிறார்கள். அன்ரி வாசலுக்குப் போய், மேல்மாடியிலிருந்து தொடங்கினால் ஐயா இரண்டு தரம் படி ஏறத் தேவையில்லை என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கொன்ஸ்தாபிள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேல்மாடியிலிருந்து தொடங்கினாராம். வீட்டுக்கார அம்மா இதைச் சொல்லும்போது, அன்ரியைக் கும்பிடுவதா வீட்டை விட்டு எழுப்புவதா என்று தெரியாத முகத்தோடு இருந்தார்.

பஸ்ஸைப் பற்றித்தான் அன்ரி அதிகம் யோசித்தார். அதற்குக் காரணம் இருந்தது. அவரே எனக்குச் சொன்னதுதான்.

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குத் திரும்பும் பாதையில் பாலையடிச் சந்தி என்று ஓர் இடம். சந்தி என்றால் நாலைந்து வீடு, ஒரு பாலை மரம், ஒரு மதகு. அங்கேதான் அன்ரியின் ஒரே தங்கச்சி இருந்தார். தங்கச்சியின் புருசன் பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். அவரை விட்டுவிட்டுத் தங்கச்சி வெளிக்கிட முடியாது. வெளிக்கிட்டாலும் கொழும்புக்கு வர இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். சரி, அன்ரி போய் நிற்கலாமே என்றால், வெளியாட்கள் அங்கே இரவு தங்க முகாமில் அனுமதி இல்லை. இறங்கினால் அன்றைக்குத் திரும்பி வர வேறு பஸ்ஸும் இல்லை. ஆகவே அன்ரி மாதம் ஒருமுறை 'கடற்குயில்' ஏறி, பாலையடியில் பஸ் நிற்கும்போது யன்னலால் தங்கச்சியைப் பார்த்து, அப்படியே மன்னாருக்குப் போய், கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படுத்தெழும்பி, அடுத்த நாள் வருகிற வழியில் இன்னொருமுறை பார்ப்பார். அதற்காகத்தான் அந்தப் பயணம் முழுவதும். மன்னாரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

பாலையடியில் பஸ் நிற்பது ஓர் ஆள் இறங்கவோ ஏறவோ எடுக்கிற நேரம். சாரதி சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். அண்ணன் என்ற பொருளில் 'அய்யே' என்று எல்லோரும் அழைப்போம். பாதை மூட முதல் மன்னாரைப் பிடிக்க வேண்டும் என்பதால் கிளச்சிலிருந்து காலை எடுக்காமலே "யமு, யமு", போவோம் போவோம் என்று அவசரப்படுத்துவார். அதற்குள் அன்ரி மருந்துப் பார்சலை யன்னலால் நீட்ட வேண்டும், தங்கச்சி முருங்கைக்காய்க் கட்டை உள்ளே தள்ள வேண்டும், மிச்சமிருக்கிற நேரத்தில் கதைக்க வேண்டும். அவர்கள் சுகம் விசாரிப்பதில்லை. போன மாதம் எந்தச் சொல்லில் பஸ் வெளிக்கிட்டதோ, அந்தச் சொல்லிலிருந்து தொடங்குவார்கள்.

ஒருமுறை தங்கச்சி, ஏதோ சொந்தத்துக்குள் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றிச் சொன்னார். "தாலி எடுத்துக் குடுக்கிற நேரம் பாத்து அக்கா, மாப்பிள்ளை மணவறையிலை இருந்து எழும்பி..." பஸ் வெளிக்கிட்டுவிட்டது. எனக்கு அந்த மாதம் முழுக்க நித்திரை சரியில்லை. அடுத்த மாதம் அன்ரி வருகிற நாளைப் பார்த்து நானும் பயணத்தை வைத்துக்கொண்டேன். "எழும்பி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, ஒருதரிட்டையும் ஒண்டும் சொல்லாமல் கிணத்தடிக்கு..." என்றார் தங்கச்சி. "யமு" என்றார் அய்யே.

"ஏன் கிணத்தடிக்குப் போனவர்?" என்று நான் அன்ரியைப் பிடித்தேன்.

"எனக்கென்ன தெரியும்? உனக்கு முன்னாலைதானே சொன்னவள்."

அன்ரிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாலையடியில் பஸ் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆனால் அதைக் கெஞ்சிக் கேட்க அவருக்கு வராது. "நாங்கள் கேட்டால் அது உதவி, பிள்ளை. அவைக்கு லாபம் எண்டு காட்டினால் அது இம்ப்ரூவ்மென்ட்" என்றார்.

முதலில் தேத்தண்ணிக் கடையைப் பிடித்தார். பஸ் தேத்தண்ணிக்கு நிற்பது அநுராதபுரத்துக்கு இப்பால் ஒரு சாப்பாட்டுக் கடையில். தேத்தண்ணி கழுநீர் மாதிரி இருக்கும். ஏன் அங்கே நிற்கிறது என்பது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். சனத்தைக் கொண்டுவந்து இறக்குகிற சாரதிக்கும் கொண்டக்டருக்கும் பின்னறையில் சாப்பாடு சும்மா கிடைக்கும், பொரித்த மீனோடு. அன்ரி கொண்டக்டரிடம் போனார். அவர் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியிருந்த முஸ்லிம், எங்களுக்கு நானா.

"பாலையடியிலை என்ரை தங்கச்சி ஒரு கொட்டில் போட்டு நல்ல தேத்தண்ணி தருவாள். சனத்துக்கும் நல்லம், கம்பனிக்கும் பேர்."

"அன்ரி, தேத்தண்ணி பிரச்சினை இல்ல. அய்யே மீனுக்குத்தான் அங்க நிப்பாட்டுறாரு. மீன் இல்லாத எடத்தில ப்ரேக் புடிக்காது" என்றார் நானா.

அடுத்த பயணத்தில் தங்கச்சி குளத்து மீனைப் பொரித்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அய்யேயிடம் நீட்டினார். அய்யே மிகவும் சந்தோசப்பட்டார். பெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "யமு" என்று சொல்லி எடுத்துவிட்டார். அடுத்த சோதனைச் சாவடியில் நாங்கள் வெயிலில் வரிசையில் நிற்க, அவர் மர நிழலில் இருந்து சாப்பிட்டார்.

பிறகு ரேடியேற்றருக்குப் பாலையடிக் குளத்துத் தண்ணீர் நல்லது என்று ஒரு யோசனை வந்தது. என்ஜினுக்குள் தவளை போகும் என்று அய்யே மறுத்துவிட்டார். பிறகு கம்பனிக்கு ஒரு கலர் வேண்டும் என்றார். பஸ்ஸின் நடுவால் ஒரு செம்மஞ்சள் பட்டை ஓடியது. ஒவ்வொரு தரிப்பிலும் ஓர் ஆள் அதே கலரில் குடை பிடித்து நின்றால் சாரதிக்குத் தூரத்திலேயே தெரியும், ஊருக்கும் விளம்பரம் என்று முதலாளிக்கு விளக்கினார். முதலாளி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்ரி புறக்கோட்டை நடைபாதையில் செம்மஞ்சள் குடை ஒன்றைத் தேடி வாங்கித் தங்கச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். குடையைக் கண்டு அய்யே கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தார். அதில் ஒரு வசனம் கூடுதலாகக் கதைக்க முடிந்தது. மாப்பிள்ளை கிணற்றடியில் வாளியைக் கையில் எடுத்தார்.

எல்லாவற்றிலும் பெரியது பெயர் மாற்றம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பாலை மரத்தை வரைந்து, கீழே 'பாலையடி எக்ஸ்பிரஸ்' என்று எழுதிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார்.

"ஒரு பஸ்ஸுக்கு ஓர் ஊரின்ரை பேரை வைச்சால், அந்த ஊரிலை அது மரியாதைக்காவது கொஞ்ச நேரம் நிக்க வேணும்தானே?" என்றார்.

"அன்ரி, கொழும்பில ஆருக்கு அந்தப் பாலையடியத் தெரியும்?"

"அதுதான் விளம்பரம் எண்டது. தெரிஞ்சதை விளம்பரப்படுத்த நான் என்னத்துக்கு?"

முதலாளி தாளைத் திருப்பி, அது எந்த மாதத்துக் கலண்டர் என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் அன்ரி கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தார். பாவம் என்றிருந்தது. எனக்குப் பொறுமை குறைவு. என் சொந்தத் தாயிடமே கத்துகிறவள் நான். ஆனால் இந்த மனுசி சோர்ந்தால் எனக்குத் தாங்காமல் வரத் தொடங்கிவிட்டது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார்.

அடுத்த பயணத்தில் அன்ரி ஒரு யோசனையும் சொல்லாமல் முன் சீற்றில் உட்கார்ந்து அய்யேயின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது அய்யே ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தொட்டு நெற்றியில் வைப்பார். அரச மரத்துப் புத்தருக்கும் அப்படியே. பள்ளிவாசலுக்கும் ஒரு தலையசைப்பு உண்டு. மடுவுக்குத் திரும்பும் சந்தியில் மாதாவுக்கு இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார். எங்களுக்கு உயிர் போய் வரும். ஆனால் எதற்கும் பஸ்ஸை நிறுத்துவதில்லை. இறங்குவது ஒரே ஒரு இடத்தில்தான். புறப்படுகிற விடியற்காலையில், கொச்சிக்கடைத் தேவாலயத்தில், அந்தோனியாருக்கு. பௌத்தர்தான். ஆனால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் அவர் கியர் போட்டதில்லை.

"கண்டுபிடிச்சிட்டன்" என்றார் அன்ரி.

ஒரு முழம் உயரத்தில் அந்தோனியார் சொரூபம் ஒன்றைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வந்து ஏறினார். மதவாச்சியில் பொதியை அவிழ்க்கச் சொன்ன சிப்பாய், அவிழ்த்ததும் தொப்பியைக் கழற்றினான். பாலையடியில் தங்கச்சி யன்னலால் வாங்கிக்கொண்டு, "அக்கா, நாங்கள் சைவமெல்லே? பிள்ளையாரை வைப்பமே?" என்றார்.

"பிள்ளையாருக்கு இந்தாள் கை மட்டும்தான் தூக்கும், இறங்காது. அந்தோனியாருக்கு இறங்கும். ஆருக்கு விக்கிறம் எண்டு பாத்துத்தான் சாமான் வைக்க வேணும்" என்றார் அன்ரி. பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தோனியார் துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தருவாராமே? எனக்கு இந்தச் சந்தியிலை ஒரு அஞ்சு நிமிசம் துலைஞ்சு போச்சு" என்றார்.

பாலை மரத்தடியில் தகரக் கூரை போட்டுத் தங்கச்சி சொரூபத்தை வைத்தார். முதல்முறை அதைக் கண்டதும் அய்யே பிரேக் பிடித்த பிடியில் நானா என் மடியில் வந்து விழுந்தார். என்ஜினை நிறுத்தினார். சப்பாத்தைக் கழற்றினார். இறங்கி, மெழுகுதிரி கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பக்தியான ஆள். அன்ரி பஸ்ஸிலிருந்து இறங்கித் தங்கச்சியின் கையைப் பிடித்தார். அத்தனை மாதத்தில் அவர்கள் தொட்டுக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்களைத் தனியே விட்டிருக்க வேண்டும். ஆனாலும் பக்கத்தில் போய் நின்றேன், மாப்பிள்ளையின் கதை தெரிய வேண்டுமே.

"மணவறையிலை சுள்ளெறும்பு, அக்கா. கழுவிப்போட்டு வந்து தாலி கட்டினவர்" என்றார் தங்கச்சி. இதற்கா நான் நித்திரையைக் கெடுத்தேன்!

அந்தக் காலம் நல்லாயிருந்தது. பிரார்த்தனையில் போன நேரத்தை அய்யே வேகத்தில் பிடித்தார், புனிதர் பார்த்துக்கொள்வார் என்று. லொறிகள் நிற்கத் தொடங்கின. மற்ற பஸ்களும் நின்றன. அந்தோனியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமைகளில் முகாமிலிருந்து சிப்பாய்கள் வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். தங்கச்சி ஒரு கொட்டில் போட்டுத் தேத்தண்ணி விற்றார். கொட்டாஞ்சேனையில் சனம் நேர்த்தி வைத்து ஆசனம் பதிவு செய்தது. முதலாளி யாரும் சொல்லாமலே பஸ்ஸின் முன் கண்ணாடியில் 'பாலையடிப் புனிதர் துணை' என்று மூன்று மொழியிலும் எழுதினார். பெயரில் இப்போதுதான் நுரை இருக்கிறது என்று அன்ரி அவரைப் பாராட்டினார். அன்ரியும் தங்கச்சியும் கொட்டிலின் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருநாள் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கவும் நேரம் கிடைத்துவிட்டது.

ஏதோ ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் அந்த வழியால் போயிருக்கிறார். ஒன்றுமில்லாத சந்தியில் வாகனங்கள் வரிசையாக நிற்பதையும் சனம் கூடியிருப்பதையும் கண்டிருக்கிறார். எல்லா வாகனமும் தானாக நிற்கிற இடம், சோதனைக்கு அதைவிட நல்ல இடம் எது?

அடுத்த பயணத்தில் பாலையடியில் தார்ப் பீப்பாக்கள் அடுக்கியிருந்தன. மண்மூட்டைகள், கயிறு, தகரக் கொட்டகைகள். எல்லோரும் பைகளோடு இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அந்தோனியார் மண்மூட்டைகளுக்கு உள்ளே போயிருந்தார். புதுப் பெயின்ற் அடித்து, ஒரு பல்பும் போட்டிருந்தார்கள். தேத்தண்ணிக் கொட்டில் இல்லை. ஊர்ச் சனம் கயிற்றுக்கு வெளியே, மதகுக்கு அப்பால்தான் நிற்கலாம். மதகடியில் செம்மஞ்சள் குடை தெரிந்தது. அதன் கீழே நிற்பவரின் முகம் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். அன்ரி அதுவரை கேட்டதெல்லாம் இதில் ஒரு துண்டு நேரம். கையை வாயில் குவித்து, குடையைப் பார்த்து, "பிள்ளை, மருந்து கொண்டந்தனான்!" என்று கத்தினார். ஒரு சிப்பாய் ஓடிவந்து அதட்டினான். அன்ரி கையை இறக்கினார். மருந்துப் பார்சலைப் பிறகு நானா யார் யாரையோ கெஞ்சிச் சேர்ப்பித்தார்.

"எந்த மூதேவி இந்த இடத்தில பஸ்ஸ நிப்பாட்டப் பழக்கினது?" என்று வரிசையில் ஒரு பெண் திட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஓம், பிழையான ஆள்தான் பழக்கியிருக்கு" என்றார்.

மன்னார் வரும்வரை அன்ரி ஒரு யோசனையும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் திரும்பும்போதும் சொல்லவில்லையாம், பிறகு நானா சொன்னார். சிலாபத்தைத் தாண்டும்போது அய்யே கண்ணாடியில் பார்த்து, "அன்ரி, இண்டைக்கி ஒண்ணும் இம்ப்ரூவ் பண்ண இல்லையே? ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டாராம். உண்மையான கவலையோடுதான் கேட்டார். அன்ரி சிரிக்க முயன்றாராம். அது சரியாக வரவில்லை.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் கன்வஸ் சப்பாத்தோடு வந்து ஏறினார்.

பாலையடியில் இறங்கினோம். உச்சி வெயில். பெண்கள் வரிசை மதகுக்கு முதுகைக் காட்டி, சோதனைக் கொட்டகையைப் பார்த்து நின்றது. திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஏன் பார்க்கிறாய் என்று அதட்டுவார்கள். அன்ரி வரிசையில் நிற்காமல் நேரே பொறுப்பாக நின்ற கோப்ரலிடம் நடந்தார். வேண்டாம் அன்ரி, இது வெள்ளவத்தை இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"மஹத்தயா, பொடி அதஹஸக் கியன்னத?" என்றார். ஒரு சின்ன யோசனை சொல்லட்டா என்று.

கோப்ரல் மேலும் கீழும் பார்த்தான். சேலையையும் சப்பாத்தையும் பார்த்தான். சொல்லும்படி தலையாட்டினான்.

பெண்கள் வரிசையையும் மேசையையும் அந்தப் பக்கமாக, மதகைப் பார்க்கத் திருப்பி வைத்தால், பை சோதிக்கிற உங்கள் பெண் பிள்ளைகளுக்கு வெயில் கண்ணில் அடிக்காது, வேலை சுகம் என்று அன்ரி கந்தோர்ச் சிங்களத்தில் மரியாதையாக விளக்கினார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

கோப்ரல் அண்ணாந்து பார்த்தான். சூரியன் நேரே தலைக்கு மேலே நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெயில் ஒன்றுதான். அது அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவன் மதகுப் பக்கம் திரும்பினான். அங்கே செம்மஞ்சள் குடையின் கீழ் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவன் திரும்பி அன்ரியைப் பார்த்தான்.

"ஹரி அம்மே" என்றான். சரி, அம்மா. இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டு மேசையைத் தூக்கச் சொன்னான்.

நாங்கள் எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றோம். மதகு எங்களுக்கு நேரே இருந்தது. குடை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. பிறகு தங்கச்சி குடையை மடக்கிவிட்டு, முகம் தெரிய வெயிலில் நின்றார்.

அன்ரி வரிசையின் கடைசிக்குப் போனார். பின்னால் வந்தவர்களையெல்லாம், "நீங்கள் போங்கோ, எனக்கு அவசரமில்லை, நீங்கள் போங்கோ" என்று முன்னுக்கு விட்டார். முன்பு திட்டிய அதே பெண் அன்றைக்கும் எங்களோடு வந்திருந்தாள். அவளும் நேரத்தை இழுக்க நினைத்து, தன் பையைத் தூக்கிக்கொண்டு அன்ரிக்கும் பின்னால் போய் நிற்கப் பார்த்தாள். அன்ரி விடவில்லை, அவளையும் முன்னுக்குத் தள்ளினார். நான் அன்ரிக்கு முன்னால் நின்றேன். அன்ரியும் தங்கச்சியும் கதைக்கவில்லை, அங்கிருந்து கதைத்தால் கேட்கவும் கேட்காது. பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசை குறைந்துகொண்டு வந்தது.

எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது அன்ரி என் தோளைத் தட்டினார். கண்ணை மதகிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"பிள்ளை, ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட். இந்தக் கியூ கொஞ்சம் கெதியாப் போகுது."